ரஷீத் பாயின் எஸ்டீமுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஞானசீலனின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரு காரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஷீத் அஹமதுவின் வெள்ளை எஸ்டீம். அதில் டர்போ பூட்டியவர் ஞானசீலன். பூட்டியது சுலபம். அதற்கு ஏற்ற கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்ததுதான் அவரைப் படுத்தி எடுத்தது.

அது 2004. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் அவருடைய பட்டறை. ரஷீத் பள்ளித் தோழர். ஷூவின் மேல்பாகம் தைக்கும் சிறிய யூனிட் நடத்தினார். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஜப்பான் டர்போ ஒன்றை வாங்கி வந்து, "மாட்டிக் குடு சீலா" என்றார். டர்போ இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். காரோடு வந்த கம்ப்யூட்டருக்கு அவ்வளவு காற்றைக் கணக்கில் எடுக்கத் தெரியாது. பெட்ரோல் போதாமல் ஒரு பிஸ்டன் உருகி ஓட்டையானது.

ரஷீத் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு இஞ்சின் தேடிக் கொண்டுவந்து இறக்கினார். ஞானசீலனுக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு உன் தம்பிகிட்டயே வேலைக்குப் போய்டுறேன்" என்று மனைவி மரியம்மாளிடம் சொன்னார். தம்பி எலியாஸ் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. ஞானசீலன் பேச்சுக்குச் சொல்கிறவர் அல்ல.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய கம்ப்யூட்டரை அப்படியே விட்டு, அதற்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டியைச் செருகுவது. பெட்ரோல் தெளிப்பான்களைப் பெரிதாக்கிவிட்டு, அவை அளவு மீறித் தெளிக்காதபடி உள்ளே வரும் காற்று குறைவு என்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை மாற்றும். இன்னொன்று, பழையதைக் கழற்றிவிட்டு முழுக் கம்ப்யூட்டரே புதிதாக வைப்பது. அதில் எல்லா எண்களையும் நாமே எழுத வேண்டும். ஒன்று தப்பினாலும் பழி வேறு யார்மேலும் விழாது.

அவர் சிறிய பெட்டியின் பக்கம் சாய்ந்தார். பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தனுப்பினார். மாட்டியதும் இஞ்சினில் டக் டக் என்று தட்டும் சத்தம். பெட்ரோலைக் கூட்டினார். சத்தம் அடங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"வயிறு ரொம்பின இஞ்சின் உருகாது பாய்."

ஊருக்குள் சில நாள் ஓட்டினார்கள். பட்டறைக்குப் பின்பக்கம் சுண்ணாம்புத் தொட்டிகளில் தோல் ஊறும் தொழிற்சாலை; ஊரில் அதைத் தோல் ஷாப்பு என்பார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்தைக் கவனிக்கிறவர் யாரும் ஆம்பூரில் இல்லை.

சென்னையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலையில் இருந்த மகள் கரோலின் லீவுக்கு வந்தாள். மூவருமாக ஏலகிரி மலையில் காரை ஏற்றினார்கள். பாதி வளைவுகள் ஏறியதும் ரஷீத் கண்ணாடியை இறக்கினார். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சீலா, இங்கயும் தோல் ஷாப்பு வந்துட்ச்சா?"

"மலையில ஏது பாய் தோல் ஷாப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்த ஞானசீலன் பிரேக்கை அழுத்தினார். இறங்கிப்போய்ப் புகைக் குழாயருகே குந்தினார். முகர்ந்தார். கறுத்துக் கிடந்த குழாய் வாயை விரலால் தடவினார். பிறகு பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே பிடித்தார். ஆயிலில் பெட்ரோல் வாடை.

"ப்பா, பெட்ரோல் ரொம்ப ஜாஸ்தி போவுது" என்றாள் கரோலின். "அதான் புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர்ல இந்த நாத்தம் வருது."

"நாந்தான் ஊத்தினேன். தட்டுச்சே."

"ஏன் தட்டுச்சு?"

அவர் பாறையில் சாய்ந்து நின்று யோசித்தார். காற்று குறைவு என்று பெட்டி பொய் சொல்கிறது. அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை மட்டும் மாற்றவில்லை. தீப்பொறியையும் நேரத்துக்கு முன்பே விடுகிறது. முந்தி வெடித்தால் தட்டும். அதை மறைக்கத்தான் அவர் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி, இந்த இஞ்சினையும் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு மாசம் ஊருக்குள்ளயே ஓட்டியிருந்தா, தோல் நாத்தத்துல இது தெரியாமலே இந்த இஞ்சினும் போயிருக்கும் பாய்" என்றார்.

"போவலயே. அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?"

"முழுக் கம்ப்யூட்டர்தான் வைக்கணும். எல்லாத்தையும் நாந்தான் எழுதணும்."

"பயமா இருந்தா சொல்லு. டர்போவ கழட்டி வாசல்ல பூத்தொட்டியா வச்சுக்கறேன்."

அந்த மாதத்தில் முதல்முறையாக ஞானசீலன் சிரித்தார்.

வீட்டில் கரோலின் லேப்டாப்பைத் திறந்தாள். ரஷீத்துக்குப் பிடித்த கம்ப்யூட்டர், பந்தயத்தில் கிளம்பும்போது பின்னால் நெருப்புக் கக்க வைக்குமாம். ஞானசீலன் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். பெட்ரோலையும் தீப்பொறியையும் தனித்தனியாக மாற்ற முடியுமா? புகையில் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று ஓடும்போதே எண்ணில் காட்டுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றது வேறொரு சாதாரணக் கறுப்புப் பெட்டி. அதையே வரவழைத்தார்.

கரோலின் பின்சீட்டில் உட்கார்ந்து எண்ணைப் படித்தாள். அவர் ஓட்டினார், நிறுத்தினார், லேப்டாப்பில் எண் அட்டவணையின் ஒரு கட்டத்தை மாற்றினார், மறுபடி ஓட்டினார். வாணியம்பாடிக்கும் மாதனூருக்கும் நடுவில் அந்தக் கார் எத்தனை முறை போய்வந்தது என்று டீக்கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். நான்கும் ஒரே நிறம், பிஸ்கட் பழுப்பு. பெட்ரோலும் தீப்பொறியும் ஒத்துப்போனால்தான் அந்த நிறம் வரும். பிறகு எலியாஸுக்கு போன் போட்டார்.

"மச்சான், அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கோ. நான் வரல."

"போன மாசமே ஆள் போட்டாச்சு மாமா" என்றான் எலியாஸ். "நீங்களாவது, கடைய மூடிட்டு வர்றதாவது."