சனிக்கிழமை வாங்காத கத்தி

என் தங்கை சந்திரமதியின் புருஷன் தம்பிராஜா. காஜா பெராங்கில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நான் பஸ் கண்டக்டர், நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவன். அவன் பேசவே கூலி கேட்பான் போலிருக்கும். நில அளவைக் குழுவில் காடு வெட்டுகிற வேலை. அளக்கிற துரைக்கு முன்னால் செடிகொடியை வெட்டி நேராக வழிவிட்டுக்கொண்டே போகவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து வீடு வருவான்; ஞாயிறு விடியுமுன் லாரி ஏறிவிடுவான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, தோட்டத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள் அவன்தான். அதை ஒருநாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷக் கடைசி. அடுத்த ஆண்டு மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் என்று என் பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் அதையே பேசினார்கள். காட்டிலோ விடாத மழை. ஆற்றைக் கடக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறங்குவார்களாம். கயிறு அடியில் எதிலாவது சிக்கினால் உடனே அறுக்கவேண்டும். காடு வெட்டுகிற பெரிய கத்தி மூட்டையோடு முன்னாலேயே அக்கரைக்குப் போய்விடும். அதனால் இடுப்பில் சொருக ஒரு சின்னக் கத்தி வேண்டும் என்றான் தம்பிராஜா.

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் பார்க்கப் போனோம். சனிக்கிழமை இரும்பு வாங்கத்தான் கூடாது; பார்ப்பதற்குக் கிழமை கிடையாது. சந்தையில் மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று பளபளவென்று இருந்தது, விலையும் மலிவு. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான்.

"வேணாம் மச்சான். இரும்பு பிடிக்குள்ள ரெண்டு விரக்கட போயிருக்கும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அரக்கு. தண்ணியில ஊறுனா கழண்டுரும்."

"கத்திய வாங்கச் சொன்னா ஜோசியம் பாக்குறியே" என்றேன்.

அங்கிருந்து இரும்புப் பட்டறைத் தெருவுக்குப் போனோம். பழைய லாரியின் வில்பட்டையை அடித்துக் கத்தி செய்கிற சீனக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் கத்தி கன்னங்கரேலென்று கிடந்தது. ஆனால் இரும்பு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடியது. இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அறைந்திருந்தது. தம்பிராஜாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஆசை என்று ஒன்றைப் பார்த்தேன். கிழவர் அவன் உள்ளங்கையை நூலால் அளந்துகொண்டார். அடுத்த முறை வரும்போது தயாராக இருக்கும் என்று சொன்னார்.

நான் சும்மா இருந்தேனா? அடுத்த புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து அந்தக் கொம்புப்பிடிக் கத்தியை எனக்கென்று வாங்கிவந்தேன்.

அவன் திரும்பி வந்தான். சனிக்கிழமை பகலில் சம்பளம் வாங்கிக்கொண்டு, "பட்டறைக்குப் போய்ட்டு வந்துர்றேன் மச்சான்" என்று கிளம்பினான். சந்திரமதி வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"சனிக்கெழம யாராவது இரும்பு வாங்குவாங்களா? மாசமா இருக்குற பொண்ணு இருக்குற வீடு" என்றேன்.

"நாளைக்கு லாரி அஞ்சு மணிக்கு மச்சான். வேற நாளு கெடையாது."

"அடுத்த தடவ வாங்கிக்க. இப்ப என் கத்திய எடுத்துட்டுப் போ. அது ஏற்கனவே வீட்ல இருக்குற இரும்பு, தோஷம் இல்ல."

அவன் என் கத்தியைப் பார்த்தான். பிறகு சந்திரமதியின் வயிற்றைப் பார்த்தான். அவனுக்கு அதில் நம்பிக்கை இருந்ததாக நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவன் சொல்லிவிட்டேன், அதற்குமேல் பேசத் தெரியாது அவனுக்கு. கத்தியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான்.

பத்தாம் நாள், அவனோடு வேலை செய்த ஜெயபாலன் என் வீட்டுக்கு வந்தான். நேராகச் சந்திரமதியிடம் போக அவனுக்குத் தைரியம் இல்லை. ஆறு ஏறிக்கொண்டிருந்ததாம். தம்பிராஜா நடு ஆற்றில் இருக்கும்போது கயிறு தண்ணீருக்கடியில் கிடந்த மரத்தில் சிக்கிவிட்டது. கரையிலிருந்து இழுக்க இழுக்க அவன் தண்ணீருக்குள்தான் போனான்.

"கத்திய உருவுனத நான் பாத்தேண்ணே. அறுத்துருவான்னுதான் நெனச்சோம்."

மறுநாள்தான் தூக்கினார்களாம். வலது கை மூடியபடியே இருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளே கொம்புப்பிடி மட்டும் இருந்தது. ஜெயபாலன் அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து, என்னுடையது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்தான். நான் அழவில்லை. எனக்கு என்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. என் கையாலேயே அவனைத் தண்ணீரில் அமுக்கியதுபோல் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மேசைக்கடியிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய கத்தியை எடுத்து, "இனி டியா புன்யா" என்றார். அவனுடையது என்று எனக்கும் தெரியும். அவன் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் காசை எண்ணி மேசைமேல் வைத்தேன்.

கத்தியை எதற்கு வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே விட்டுவர மனம் இல்லை, அவ்வளவுதான். வேலியைக் கடந்து போய்ச் சந்திரமதியிடம் நீட்டினேன். அவள் தாளைப் பிரித்துப் பார்த்தாள். அவன் கைக்கு அளந்து செதுக்கிய பிடி அவள் கைக்குள் அடங்கவில்லை.

"இன்னைக்கு என்ன கெழம அண்ணே?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"சனி" என்றேன்.

"வாங்கிட்டு வந்துட்டீங்களே. ஒண்ணும் ஆவலியே" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாளை மறுபடி சுற்றி, கத்தியோடு உள்ளே போனாள்.