கழுவாத தொட்டி

கைப்பிடி உடைந்த மஞ்சள் பிளாஸ்டிக் ஜக் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. மஹய்யாவையில் நான் சிறுமியாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை காலைகளில் எங்கள் தங்கமீன் அதற்குள்தான் காத்திருக்கும். வீடு கழுவும் கையோடு அப்பா மீன் போத்தலையும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார். கூழாங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீனை உள்ளே விடுவார். போத்தல் பளிச்சென்று இருக்கும். மீன்தான், எத்தனை வாங்கினாலும், ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டியதில்லை.

அப்பா நகரசபையில் வீதி கூட்டியவர், கழிவுநீர் ஓடும் கான் அள்ளியவர். வேலை முடிந்து வந்தால் இரண்டு தடவை குளிப்பார். நகரசபைத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி தள்ளி உட்கார்ந்ததை நான் வீட்டில் சொன்னதில்லை. "நம்ம வீட்ட பாத்து ஒருத்தன் அழுக்குன்னு சொல்லிறக் கூடாது புள்ள" என்று அவர் சொல்லும்போது, சொல்லாமலே அவருக்குத் தெரியும் என்று தோன்றும்.

இப்போது நான் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். குண்டசாலையில் அப்பாவும் நானும் இருக்கிறோம். சென்ற வருடம் வரவேற்பறையில் இரண்டடி நீளத்தில் ஒரு தொட்டி வைத்தேன். அடியில் சலித்த தோட்டத்து மண், அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல், ஒரு மரவேர், நெருக்கமாக நட்ட நீர்ச்செடிகள். தண்ணீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் மணலில் குடியேறச் சில வாரங்கள் விட்டு, பிறகு ஆறு கப்பி மீன்கள். மரவேரின் சாயத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் ஆனது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது. இரண்டும் எதிர்பார்த்தவைதான். ஆனால் நான் வேலைக்குப் போனபின் வீட்டில் அப்பாவும் ஒரு ஸ்பொஞ்சும் இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போதும், எல்லாம் போய்விடும்.

ஆகவே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கழுவக் கூடாது. மணலைக் கிளறக் கூடாது. ஒரு சிட்டிகைக்கு மேல் தீன் போடக் கூடாது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால், குறைந்த அளவுக்கு மட்டும், ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றலாம்.

"செய்ய ஒன்னுமில்லன்னு சொல்றதுக்கு இம்புட்டு நீளப் பட்டியலா?" என்றார். கடைசி வரியில் விரலை வைத்து, "ஏன், குழாய்த் தண்ணிக்கு என்ன?" என்று கேட்டார்.

"அதுல கிருமி கொல்ற மருந்து போடுவாங்கப்பா. மீனுக்கு ஆகாது. ஒரு நாள் வச்சா போயிரும்."

பட்டியலிலிருந்து விரலை எடுத்தார். "அப்ப அந்தத் தங்கமீனெல்லாம்..."

"நமக்குத் தெரியாதுதானேப்பா" என்றேன். படித்த காலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று, அப்பாவின் வேலையை மேற்பார்த்த பழைய ஓவசியர் வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அள்ளிய கான்களைத் தடியால் கிளறிப் பார்த்துக் குறை சொன்னவர். அன்று காலை அப்பா ஸ்பொஞ்சோடு தொட்டியின் முன்னால் நிற்பதைக் கண்டும் காணாததுபோல் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தொட்டியின்மேல் அவருடைய தேய்த்த வேட்டி, நான்கு மூலையும் இழுத்துவிட்டுப் போர்த்தப்பட்டிருந்தது. ஸ்பொஞ்ச் காய்ந்தே கிடந்தது.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஓவசியரின் குரல் கேட்டது. "என்னப்பா, டீவிக்கும் வேட்டி கட்டி வச்சிருக்கியா?"

அப்பா வேட்டியை இழுக்கும் சத்தம்.

"என்னா இது? ஒன் வீட்டுலயா இந்த அழுக்குத் தண்ணி?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அழுக்கு இல்லீங்க ஐயா" என்றார் அப்பா. "அது அப்பிடித்தான் இருக்கணும். கழுவுனா செத்துப் போயிரும்." பிறகு, "தள்ளி நிக்காதீங்க, கிட்ட வந்து பாருங்க. குட்டி போட்டிருக்கு" என்றார்.

பாசி இப்போது தானாகவே குறைந்துவிட்டது. செடிகளுக்குள் இப்போது எத்தனை மீன்கள் என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டைக் கழுவி முடித்தபின், முதல்நாள் பிடித்துவைத்த தண்ணீரை அப்பா மெதுவாகத் தொட்டியில் ஊற்றுகிறார், அந்த மஞ்சள் ஜக்கால்.