அக்கா செய்த பாஸ் கிட்டார்

கள்ளக்குறிச்சி போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருகும் வாசனை வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

உளுந்தூர்பேட்டை வீட்டுக் கூடத்தில் அக்கா பாஸ் கிட்டார் செய்துகொண்டிருந்தாள். உடலுக்குக் கல்வராயன் மலைப் பலாப்பலகை. கழுத்து, யாரோ உடைத்துப்போட்ட கிட்டாருடையது. கம்பிகள் சென்னையிலிருந்து பார்சலில் வந்தவை. கடைசி ஒயரைப் பற்றவைத்து ஸ்பீக்கரில் இணைத்தாள். காய்ச்சலில் காது போனபின் பாடுவதையே விட்டுவிட்ட அம்மாவைக் கூட்டிவந்து, அவள் கையைப் பலகைமேல் வைத்து, தடித்த கம்பியை மீட்டினாள்.

அம்மா திடுக்கிட்டாள். "இன்னாடி இது, நெஞ்சுக்குள்ள ரயிலு போவுது?"

அக்கா நிறுத்தவில்லை. அம்மா கண்ணை மூடி, எங்களைத் தூங்கவைத்த தாலாட்டை மெல்லப் பாடத் தொடங்கினாள். சுருதி விலகியிருந்தது. அக்கா முறுக்காணியைத் திருகி, கம்பியை அம்மாவின் குரலுக்கு இறக்கினாள்.

கடைக்காரர், "போனு ரெடிங்க" என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.