செத்த காலேஜின் வருகைப் பதிவேடு

யாரும் தொடக்கூடாத பொருளை எல்லோரும் தொடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அருங்காட்சியகக் காவலாளியின் வேலை. தாம்பரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொதுமக்களையும் மேலதிகாரிகளையும் சமாளித்த யாருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பெயர்

சென்னையில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ். என் மனைவி இருந்தவரை அந்தச் சொல்லை வீட்டில் யாரையும் சொல்லவிட்டதில்லை. அவள் போன பிறகு எனக்காகச் சண்டை போட ஆளில்லை.

ஒருநாள் பஸ் வராமல் சேலையூரில் ஆட்டோ பிடித்தேன். எங்கே வேலை என்று கேட்ட ஓட்டுநர், பதிலைக் கேட்டுச் சிரித்தார். "செத்த காலேஜா? அங்க அட்டெண்டன்ஸ் எடுத்தா எவன் சார் 'உள்ளேன் ஐயா' சொல்லுவான்?"

திறந்த வாய்

எங்கள் கூடத்தில் ஒரு முதுமக்கள் தாழி உண்டு. இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. ஊரப்பாக்கம் பக்கம் அடுக்குமாடிக்குக் குழி தோண்டியபோது கிடைத்தது. கண்ணாடிப் பெட்டி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வந்த ஒருவர் சிப்ஸ் தின்று முடித்து, கயிற்றைத் தாண்டி எட்டிக் காலிப் பாக்கெட்டைத் தாழிக்குள் போட்டார். "ஐயா, அது ஒருத்தரோட சமாதி" என்றேன். அவர் எடுக்கவில்லை; நான்தான் உள்ளே கை விட்டு எடுத்தேன். அதற்கும் எனக்கே புத்தி சொன்னார்: "வாய இவ்ளோ பெருசா தொறந்து வச்சா குப்பைத் தொட்டின்னுதான் சார் நெனப்பாங்க. ஒரு மூடி போட்டு வைங்க."

காலிக் கட்டங்கள்

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், செல் நம்பர், கருத்து என்று நான்கு கட்டங்கள். மூன்றாவது கட்டத்தைக் கண்டதும் பேனா கீழே போய்விடும். "நம்பர் குடுத்தா சாயங்காலமே லோன் வேணுமான்னு போன் வரும்ணா. நாங்க சும்மா பாத்துட்டுப் போறோம்" என்பார்கள். ஆட்கள் வந்தார்கள், பதிவேடு காலியாகவே இருந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கூடத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பதிவேட்டை மட்டும் புரட்டினார். ஆள் வராத இடத்துக்குக் கூடம் எதற்கு, பழைய கோப்புகளையும் உடைந்த நாற்காலிகளையும் இங்கே வையுங்கள், தாழி பின்பக்கக் கொட்டகைக்குப் போகட்டும், ஒரு வாரத்தில் முடியுங்கள் என்றார். கொட்டகை ஒழுகும், நனைந்து நனைந்து தாழி உதிர்ந்துவிடும் என்று கெஞ்சினேன். "மண்ணுலேருந்து வந்ததுதானே? மண்ணாவே போனா உமக்கென்னய்யா?"

கையெழுத்து

இரண்டு நாள் கழித்து, குன்றத்தூரிலிருந்து ஜேசிபி ஓட்டும் ரஹீம் என்பவர் மனைவியோடு வந்தார். தாழியின் விளிம்பில் ஒரு சாண் அளவு உடைந்திருக்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வண்டியின் பல் பட்டு உடைந்ததாம். மூடிவிட்டு வேலையைப் பார் என்று கான்ட்ராக்டர் விரட்டியும் கேட்காமல், வண்டியை நிறுத்தித் தகவல் சொன்னவரும் அவர்தான்.

பதிவேடு காலியாக இருப்பதால் தாழி கொட்டகைக்குப் போகப்போகிறது என்றேன். பேனாவை வாங்கிப் பெயர், ஊர், நம்பர் எல்லாம் எழுதினார். கருத்து: 'விளிம்பை உடைத்தது நான்தான். பத்திரமாக வைத்திருக்கவும்.' எட்டிப் பார்த்த மனைவி வாயில் கை வைத்தார். "கடையில பில்லு போடக்கூட நம்பர மாத்திச் சொல்ற மனுசன், இங்க எவ்ளோ அழகா எழுதிக்கினு கீறாரு பாருங்கண்ணா!"

விசாரணை

வாரம் முடிந்து அதிகாரி வந்தபோது அந்த வரியைப் பெருமையாகக் காட்டினேன். படித்தார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு எழுத்துமூலமான ஒப்புதல் என்றார். விசாரணை முடியும்வரை தாழியை யாரும் அசைக்கக் கூடாது என்றார். மூடச் சொன்ன கான்ட்ராக்டரின் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. உடைத்ததை ஒப்புக்கொண்டவர்மேல் மட்டும் நடவடிக்கை!

மறுநாள் ரஹீமின் நம்பரைக் குறித்துக்கொள்ள அதிகாரியின் ஆபீசிலிருந்து வந்தவர் பதிவேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். என் தண்ணீர் பாட்டில் மேஜையில் காலியாக இருந்தது. "பேர், நம்பர் எல்லாம் கரைஞ்சு போயிருக்கே! கருத்து மட்டும் எப்படிய்யா நனையல?"

விசாரணை இன்னும் முடியாததால் தாழி கூடத்திலேயே இருக்கிறது.

செத்த காலேஜ் என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கு இப்போது கோபமில்லை, செத்தவர்கள் கயிற்றுக்கு உள்ளே இருப்பதாக நினைத்ததுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு.