அப்பா தள்ளிவைத்த பட்டை வில்

ஆளிவிதை எண்ணெய் வாசனை எங்கே வந்தாலும், ஆவடி குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்து மேசையும் அதன்மேல் கிடந்த இரண்டு பட்டை வில்களும்தான் எனக்கு ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கைப்பிடிக்கு மேலும் கீழும் தட்டையாக இழைத்து அந்த எண்ணெய் பூசிய மரவில்களை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார்கள். பூந்தமல்லி வில்வித்தைப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். நானா, வெள்ளானூரிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் ஸ்டெல்லாவா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். போகாவிட்டால் செத்தே போய்விடுவேன் என்று நினைத்த வயது எனக்கு.

சீட்டுக் குலுக்கியதில் முதலில் எடுக்கும் உரிமை எனக்கு விழுந்தது. அப்பா ஃபேக்டரியில் "இன்ஸ்பெக்‌ஷன்". அம்மா சுடும் தோசையை அளக்காததுதான் பாக்கி. கனம் பார்க்கும் காலிப்பரோடு வந்து வில்களின் கைகளை, அதாவது பிடிக்கு மேலும் கீழுமுள்ள பட்டைகளை, அளந்தார். ஒன்றில் இரு கையும் அச்சாக ஒரே கனம். மற்றதில் கீழ்க்கை கொஞ்சம் தடித்திருந்தது. "ரிஜெக்ட்" என்று அதை ஓரமாகத் தள்ளினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தள்ளியது ஸ்டெல்லாவுக்கு வந்தது. முகம் சுளிக்கவில்லை மகராசி. கண்ணை மூடிக்கொண்டு, நாணை இழுப்பதும் மெல்லத் திரும்ப விடுவதுமாகப் பத்துத் தடவை பார்த்தாள். "அங்கிள், கைக்கு நல்லாதான் கீது" என்றாள்.

மாதம் முழுக்க என் அம்புகள் துள்ளித் துள்ளிப் போயின; அவளுடையவை வைக்கோல் பலகையில் அடுக்கிவைத்த மாதிரி நின்றன. போட்டிக்கு அவள் பெயரைப் படித்த அன்று நான் பாத்ரூமில் தாழ்போட்டு அழுதேன். அப்பாவோ மன்றத்து நூலகத்தில் தேடிப் படித்து, அம்பு கைப்பிடிக்கு மேலே ஓடுவதால் கீழ்க்கையை விறைப்பாகச் செய்வது வழக்கம் என்று தெரிந்துகொண்டார். எழுதிய "ரிஜெக்ட்"டை சர்வீஸில் ஒருமுறைகூட மாற்றாத மனுஷன், அத்தனை பேர் முன்னால் ஸ்டெல்லாவிடம் போய் நின்றார்.

"தப்பு என்னுதும்மா. உன் கைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

அன்று அந்த இருவர்மேலும் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. உண்மையில் என் வில்லும் மோசமில்லை; நான்தான் அது என் கைக்கு ஒத்துவருமா என்று ஒருதரம்கூட இழுத்துப் பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

நாங்கள் அம்பெய்த மன்றத்து மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஸ்டெல்லா எங்கே இருக்கிறாளோ, தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார், காலிப்பர் மட்டும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் மகளுக்கு முதல் வில் வாங்கப் போனபோது பழக்கதோஷத்தில் அதையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கடையில் வெளியே எடுக்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு இழுத்துப் பாருடி" என்றேன்.