இரண்டு சீட்டுக் கல்யாணக் கார்

கல்யாணக் கார் ஓட்டுகிறவன், ஊரிலுள்ள பெண்களையெல்லாம் புகுந்த வீட்டில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் காலிக் காரோடு திரும்பி வருகிறவன். இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் ஓட்டியது சும்மா கார் இல்லை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டுக் கழித்துவிட்டதை என் முதலாளி வாங்கி, கண்டியில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். அவரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். காரில் இருந்தது இரண்டே சீட். ஒன்றில் நான். ஸ்டியரிங்கை வேறு எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது ஹாஜியார் போட்ட சட்டம். ஆக, தாலி கட்டி முடிந்ததும் பெண் என் பக்கத்தில் ஏறுவாள். கட்டியவன் பின்னால் வேனில் வருவான். இது என்ன அநியாயம் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், சீட்டை எண்ணிப் பார்க்காமல் புக் பண்ணியவர்களிடம் போய்க் கேளுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் காரைத் தள்ளுவது பின்சக்கரம். வெயிலில் ராஜா மாதிரிப் போகும். மழையில் எக்ஸலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் போதும், வால் தலையை முந்தப் பார்க்கும். கண்டி மழைக்கோ நாள் நட்சத்திரம் கிடையாது. அதனால் மழை என்றால் நான் ஊர்ந்துதான் போவேன். ஊர்ந்து போனால் ஊர் முழுக்கப் பார்க்கும். ஹாஜியார் தைத்துக் கொடுத்த கோட்டும் டையுமாக நான், பக்கத்தில் பட்டுச் சேலையும் மாலையுமாக ஒரு பெண். வயது முப்பதைத் தாண்டியும் எனக்கு ஒரு சம்பந்தம் அமையவில்லை. என் அம்மா ஏறாத கோயில் இல்லை, பார்க்காத ஜாதகம் இல்லை. கோளாறு ஜாதகத்தில் இல்லை, காரில் இருக்கிறது என்று எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை.

வந்த வழியே

காரை எடுத்த முதல் நாள் ஹாஜியாரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பல நாள் வெயிலுக்குப் பிறகு அப்போதுதான் தூறல் போட்டிருந்தது. கொட்டுகிற மழையை நம்பலாம், இந்த முதல் தூறலை நம்பவே கூடாது. ரோட்டில் ஊறிக் கிடந்த எண்ணெயெல்லாம் அப்போதுதான் மேலே வரும். எனக்கு அன்று அந்த ஞானம் இல்லை. அதுவரை நான் ஓட்டியதெல்லாம் தேங்காய் லொறி. அதுவும் பின்சக்கரத்தில் போகிற சாதிதான். ஆனால் முதுகில் தேங்காய்ப் பாரம் இருந்ததால் என்ன மிதித்தாலும் பேசாமல் போகும். அதே மிதியை வாவிக்கரை வளைவில் இதற்கும் கொடுத்துவிட்டேன்.

கார் ஒரு சுற்றுச் சுற்றி, நாங்கள் வந்த திசையைப் பார்த்து மரியாதையாக நின்றது. நல்லவேளை, எதிரே ஒரு சைக்கிள் கூட வரவில்லை. ஹாஜியார் ரோட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார், பிறகு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, வந்த வழியே திரும்பச் சொல்லி நான் இன்னம் சொல்லல்லயே.”

குடைக்காரர்

ஒரு மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் எஞ்சினியர். அவரைப் பேராதனை வீட்டிலிருந்து ஏற்றிக் கண்டியில் மண்டபத்தில் விட வேண்டும். ஏறும்போதே வானம் பொத்துக்கொண்டது. கெட்டம்பே தாண்டுவதற்குள் ஒரு பஸ் எங்களை முந்தியது. பிறகு ஒரு த்ரீவீல் முந்தியது. அதிலிருந்த பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துக் கையசைத்தார்கள். இரக்கப்பட்டுக் கையசைத்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. “அண்ணை, நான் ஒருக்கா ஓட்டட்டோ?” என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

மாட்டேன் என்று சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொன்னேன். வளைவு வருவதற்கு முன்பே, ரோடு நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு அப்பளத்தின் மேல் கால் வைத்த மாதிரி இருக்க வேண்டும். வால் விலகினால் பதறக் கூடாது. எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெல்ல எடுக்க வேண்டும். அந்த நேரம் பிரேக்கைத் தொட்டவன் தொலைந்தான். எஞ்சினியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியபடியே மணிக்கூட்டையும் பார்த்தார். அப்போது நடைபாதையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் எங்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். “அண்ணை, அவர் எங்களை முந்திறதுக்குள்ள ஒருக்காக் கேளுங்கோவன், குடைக்குள்ள எனக்கும் இடமிருக்கோ எண்டு.”

முகூர்த்தத்துக்குச் சேர்த்துவிட்டேன் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆரத்தி

கட்டுகலையில் ஒரு யாவாரி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்பு. கோயிலில் தாலி கட்டியதும் பெண்ணின் பெரியத்தை வீட்டில் பால் பழம் கொடுப்பதாக ஏற்பாடு. பெண்ணை ஏற்றிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளை வந்த வேன் குட்ஷெட் பஸ் நிலையம் பக்கம் மழை நெரிசலில் மாட்டிக்கொண்டது. வீட்டில் சமையலுக்கென்று நின்றுவிட்ட பெண்கள் யாரும் அதுவரை மாப்பிள்ளையைக் கண்ணால் பார்த்ததில்லை. பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடலாம் என்று இறங்கினேன், அவ்வளவுதான். பெரியத்தை ஆரத்தித் தட்டோடு பாய்ந்து வந்தார். மூன்று சுற்று. என் நெற்றியில் பொட்டு. “வலது காலை எடுத்து வச்சு வாங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் ட்ரைவர் என்று சொல்லச் சொல்ல, கொழும்பு மாப்பிள்ளை என்ன தமாஷாகப் பேசுகிறார் என்று சிரித்தார்கள். பெண்ணாவது உண்மையைச் சொல்லுவாள் என்று பார்த்தால், அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுத்தார்கள். விடியற்காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை ஐயா, பசி யாரை விட்டது. வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, நனைந்த பட்டு வேட்டியோடு உண்மையான மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். பெரியத்தைதான் முதலில் சுதாரித்தார். “சரி, எடுத்த ஆரத்தியத் திருப்பி வாங்கவா முடியும்? தம்பி, பொட்ட அழிச்சுட்டு மாப்பிள்ளைக்கு வழி விடு. பால்ல வாய் வச்சியா இல்லையா, அத மட்டும் உண்மையச் சொல்லிட்டுப் போ.”

பாரம்

பன்விலவில் ஒரு கல்யாணம், வேதக்காரக் குடும்பம். மாதா கோயிலில் பூசை முடிந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், தேயிலைக்கு நடுவே போகிற ஏற்றத்தில் கார் நின்ற இடத்திலேயே நின்று பின்சக்கரத்தைச் சுற்றியது. பின்னால் நின்ற மாமன்மார் நாலைந்து பேர் மேல் சேறு. காரின் பின்பக்கம் காலியாக இருப்பதுதான் வினை, டிக்கியில் பாரமாக எதையாவது வைத்தால் சக்கரம் ரோட்டைப் பிடிக்கும் என்றேன். பெண்ணின் தாய் தன் வீட்டுக்கு ஆளை அனுப்பினார். வீடு பக்கத்திலேயே. ஒரு மூட்டை அரிசி வந்தது. போதாது என்றேன். அடுப்படியிலிருந்து அம்மிக்கல் வந்தது.

அதன் பிறகு கார் சொன்ன சொல் கேட்டுப் போனது. மாப்பிள்ளை வீட்டில் போய் நின்றதும் யாரோ டிக்கியைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு சனமும் அரிசியையும் அம்மியையும் பார்த்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “நாங்க ஒண்ணுமே கேக்கலியே, சம்பந்தி மனசே மனசு” என்று அம்மியை உள்ளே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். இனி எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? வேனில் வந்து இறங்கிய பெண்ணின் தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஏசத்தான் போகிறார் என்று நினைத்தேன். “மகள பத்திரமாக் கொண்டாந்துட்டீங்க தம்பி, சந்தோஷம். நாளைக்கு நான் சம்பல எதுல அரைக்கிறதுன்னு சொல்லிட்டுப் போங்க.”

விசாரணை

கடைசியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பேராதனை ரோட்டில் பலசரக்குக் கடை. பெண் பார்க்கப் போனோம். கோட்டும் டையும் வேண்டாமென்று நல்ல சேர்ட் ஒன்று போட்டுக்கொண்டேன். பலகாரம் வந்தது, பேச்சும் நல்லபடியாகத்தான் போனது. பெண்ணின் அம்மா மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய்ப் புருஷன் காதில் ஏதோ சொன்னார். மழை நாளில் யாவாரம் இருக்காது, அந்த அம்மா கடை வாசலில் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஆவணியில் ஒரு பெண்ணோடு என்னைப் பார்த்தாராம். தையில் வேறொரு பெண்ணோடு. அதற்குப் பிறகும் மாலையோடு ஒருத்தி. வேகமாகப் போயிருந்தால் முகம் தெரிந்திருக்காது. நான்தான் கடைக்காரர்கள் எல்லோரும் நன்றாகப் பார்க்கும்படி ஊர்ந்து போயிருக்கிறேனே.

என் அம்மா பதறிப்போய் என் தொழிலை விளக்கினார். புருஷனை வேனில் அனுப்பிவிட்டுப் பெண்டாட்டியை ட்ரைவரோடு அனுப்புகிற ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாசல் வரை வந்து வழியனுப்பிய அந்த அப்பா என் தோளில் கை வைத்தார். “தம்பி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இத்தன பேரையும் எங்க குடி வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

பின்லைட்

அதோடு இந்தக் காரே வேண்டாம், லொறிக்கே திரும்பிவிடுவோம் என்று இருந்தேன். ஒப்புக்கொண்ட கல்யாணம் ஒன்று மட்டும் பாக்கி. கண்டிப் பெண், மாப்பிள்ளை வீடு கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே. நல்ல மழை. பெண் களைத்துப்போய் ஏறியதும் தூங்கிவிட்டாள். இறக்கத்தில் ஒரு வளைவில், மேலே ஏறி வந்த லொறி ஒன்று எங்கள் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன். பின்சக்கரம் சேற்றில் ஏறியது, வால் பள்ளத்துப் பக்கம் விலகியது. பக்கத்தில் ஊரான் வீட்டுப் பெண். காலை மெல்ல எடுத்தேன், வால் போன பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், பிரேக்கைத் தொடவில்லை. கார் இரண்டு ஆட்டம் ஆடி நேராகியது. பெண் மறுபக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

கீழே போய் நின்றதும் வேனிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்து பெண்ணை எழுப்பினார். அவருக்குப் பின்னால் கலா வந்தார். கலா பெண்ணின் சிநேகிதி, நகரசபையில் கிளார்க். வேனில் முன்சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நேராக என்னிடம் வந்து, “கார் அந்த ஆட்டம் ஆடுச்சு, உங்க பின்லைட் எரியவே இல்லீங்க. பிரேக்க மிதிக்காம எப்படி இருந்தீங்க?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் செய்யாமல் விட்டதைக் கவனித்த ஒரே ஆள்.

அம்மாவை அனுப்பிக் கலாவைப் பெண் கேட்க வைத்தேன். நாங்கள் போன அன்று கலாவின் அப்பா, நல்ல மனுஷன், மென்று விழுங்கினார். பையனைக் குறை சொல்லவில்லை, ஆனால் டவுன் முழுக்க அவனைப் பெண்களோடு பார்த்திருக்கிறதே, நாளைக்கு நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றார். என் அம்மாவுக்குத் தொழிலை விளக்கி விளக்கியே அலுத்துவிட்டது. நான் எழுந்துவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். உள்ளே இருந்த கலா அறை வாசலுக்கு வந்து நின்றார். “அப்பா, அத்தன பொண்ணுங்களையும் மழையில ஏத்திட்டுப் போயி அவங்கவங்க வீட்டுல முழுசா இறக்கி விட்டவரு. என்னைய ஏத்துனா மட்டும் எங்கயும் இறக்கி விட வேணாம்னு சொல்லுங்க, போதும்.”

ஆகவே சகோதரர்களே, மழையில் மெதுவாகப் போகிறவனுக்குக் கல்யாணமும் மெதுவாகத்தான் வரும், ஆனால் கீறல் படாமல் வந்து சேரும்.