லப்டொப் வாங்கப் போன குக்கர்

அம்மா கடைக்குள் நுழையும்போது கடைக்காரர் முகத்தில் இருக்கும் சிரிப்பு, அம்மா வெளியே வரும்போது இருக்காது. கண்டிச் சந்தையில் கரட் விற்பவர்களிலிருந்து அதே ஊர்க் கொழும்பு வீதிப் புடவைக் கடைக்காரர்கள் வரை இதற்குச் சாட்சி சொல்வார்கள். அப்பா நேர் எதிர். ஒரு பொருளின் விலையைச் சொன்னால், "அவ்வளவுதானா?" என்று கேட்டு, கூட்டிச் சொல்லாமல் விட்டோமே என்று கடைக்காரரையே வருந்த வைப்பார். அதனால் எங்கள் வீட்டில் அப்பா சம்பளம் எடுப்பதோடு சரி. வாங்குவது முழுக்க அம்மா.

அம்மாவின் பேரத்துக்கு ஒரு முறை இருந்தது. முதலில் சாமானில் குறை கண்டுபிடிக்க வேண்டும். பிறகு காது கூசும்படி ஒரு விலை கேட்க வேண்டும். கடைக்காரர் மறுத்ததும் எழும்பி நடந்துவிட வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும், ஆனால் மெதுவாக நடப்பது கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. பக்கத்துக் கடையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்கும். இவ்வளவும் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு வேறொன்று. எழும்பும்போது குடையை வேண்டுமென்றே கடையில் விட்டுவிட்டு வருவார். கடைக்காரர் கூப்பிட்டால் நல்லது. கூப்பிடாவிட்டால், "குடையை மறந்திட்டன், தம்பி" என்று மானம் போகாமல் திரும்பிப் போய்ப் பேச்சை மறுபடி தொடங்கலாம். அந்தக் குடை எத்தனையோ கடைகளில் காத்திருந்திருக்கிறது. மழையில் நனைந்ததைவிடக் கடைகளில் காய்ந்ததுதான் அதிகம்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. எனக்குக் கொழும்பில் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்திருந்தது. சிறுவர் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை. பதிப்பக முதலாளி அம்மையார், சொந்தமாக நல்ல லப்டொப் இருந்தால் கண்டியிலிருந்தே செய்து அனுப்பலாம், இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து அலுவலகக் கதிரையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். நல்லது என்றால் எந்த ரகம் என்பதையும் அவரே சொன்னார். மலிவான ரகம், படம் நிறைந்த பக்கத்தைத் திறந்ததும் மூச்சடைத்துப் போகுமாம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் வாடகைக்கு இருந்த அறைகளை விடியப்புறத்தில் பொலிஸ் தட்டி, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து, சிலரை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. என் அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்தது. தொட்டிலில் கிடந்த வயதிலேயே கண்டி மஹய்யாவவுக்கு வந்துவிட்டவள் நான் என்பதை எழுத அட்டையில் இடமில்லை. அம்மா, லப்டொப் வாங்குவோம் என்று மட்டும் சொன்னார்.

சொன்ன நாளிலிருந்து எங்கள் வீடு கழிவு விலை, அதாவது தள்ளுபடி, தேடும் இலாகாவாகிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். வேலைக்குப் போய் வரும் வழியில் கடைக் கண்ணாடிகளைப் பார்த்து வந்து, "பேராதனை ரோட்டுக் கடையில கழிவு போட்டிருக்காங்க, சிவப்புல எழுதியிருக்கு" என்று வேலிக்கு மேலால் செய்தி வாசிப்பார். நாங்கள் போய்ப் பார்த்தால் கழிவு இருக்கும், கூடவே அதற்கு ஒரு வாலும் இருக்கும். ஒரு கடையில் குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். இன்னொரு கடையில் அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும். அம்மா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றதும், ஓய்வு பெற்றவர்கள் சேர்த்தியில்லை என்றார்கள். எனக்கு ஓய்வூதியம் அரசாங்கம் தருகிறதா, உன் மாமனார் தருகிறாரா என்று கேட்டுவிட்டு அம்மா அடுத்த கடைக்கு நடந்தார். மூன்றாவது கடையில் பை, மவுஸ், திரை துடைக்கும் துணி எல்லாம் இலவசம். அந்த மூன்றையும் நீங்களே வைத்துக்கொண்டு அவற்றின் விலையைக் கழியுங்கள் என்று அம்மா கேட்டார். இலவசத்தைக் கழிக்க முடியாது என்று அவர்கள் விளக்கினார்கள். அப்படியென்றால் அது இலவசமே இல்லை என்று அம்மா விளக்கினார்.

கடைசியில் கண்டியிலேயே திருகோணமலை வீதியில் ஒரு கடை அகப்பட்டது. வேண்டிய ரகம் ஒன்றே ஒன்று இருந்தது. முகாமையாளர் கழுத்துப்பட்டி கட்டிய சிங்களவர், முப்பது வயது மதிக்கலாம், பொறுமைசாலி. அம்மாவின் சிங்களம் அரசாங்கக் கடிதங்களில் பழகியது. கரட்டுக்குப் பேரம் பேசும்போதுகூட இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பது போலத்தான் இருக்கும். அந்தச் சிங்களத்தில் அவர் லப்டொப்பில் குறை காணத் தொடங்கினார். மூடியைத் திறந்து மூடினார். பூசணிக்காயைத் தட்டுவதுபோல முதுகில் தட்டினார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காசுக்குப் பாரமே இல்லையே என்றார். பாரம் இல்லாததுதான் இதன் விசேஷம், அதற்குத்தான் இந்த விலை என்றார் முகாமையாளர். அப்படியென்றால் உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் விலை இன்னும் கூடுமா என்று அம்மா கேட்டார். நான் சுவரில் இருந்த பிரின்டர் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருவரும் ஏறி இறங்கி, ஒரு சிறிய இடைவெளியில் வந்து நின்றார்கள். அதற்குக் கீழே தன்னால் முடியாது என்றார் முகாமையாளர். அதற்கு மேலே தன்னால் முடியாது என்றார் அம்மா. எழும்பினார். நடக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை கைக்குத் தேவைப்பட்டது. ஆனால் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டுமே. வரும் வழியில், கைபிடி உடைந்திருந்த எங்கள் பிரஷர் குக்கரைத் திருத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றித் துணிப்பைக்குள் இருந்தது. அம்மா அதைக் கதிரைக்கு அடியில் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, குடையை விரித்து இறங்கிவிட்டார். வாசலில் பைகளைத் திறந்து பார்க்கும் காவலாளி அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் வந்தபோதும் அவர் இல்லை.

பக்கத்துக் கடையைத் தாண்டினோம். யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த மருந்துக் கடையையும் தாண்டினோம். "கழுத்துப்பட்டி கட்டினவங்கள் கொஞ்சம் பிந்தித்தான் கூப்பிடுவாங்கள்" என்றார் அம்மா. மூலை திரும்பி ஒரு தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். தேநீர் ஆறியது, குடித்தோம், குடித்தும் முடிந்தது. மழையும் விட்டது. சரி, குக்கரை மறந்த கதையைச் சொல்லிக்கொண்டு போவோம் என்று எழும்பினோம்.

மூலை திரும்பியதும் அந்தக் காட்சி. கடையில் வேலை செய்த அத்தனை பேரும் தெருவில் நின்று எங்கள் பக்கமாகவும் மறுபக்கமாகவும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகாமையாளர் நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியே, பிள்ளை? முழுக் கடையும் எங்களைத் தேடுது" என்றார் அம்மா. உடனே நடையை இன்னும் மெதுவாக்கினார். இப்போது நாங்கள்தான் விலையைத் தீர்மானிப்போம் என்ற மிடுக்கு அந்த நடையில் இருந்தது.

தெருவை மறித்துக் கட்டியிருந்த கயிறு எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொலிஸ்காரர்கள். பக்கத்துக் கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கியிருந்தன. செருப்புக் கடை முஸ்லிம் முதலாளி எங்களைப் பார்த்து, "அங்கால போகாதீங்க உம்மா. ரெண்டு பொம்புளையள் குண்டு வெச்சிட்டுப் போயிட்டாங்களாம்" என்றார். ஒருத்தி நல்ல உயரமாம், காற்சட்டையாம், ஓட்டமாக ஓடித் தப்பிவிட்டாளாம். அம்மாவின் உயரம் என் தோளுக்கு. முழங்கால் வருத்தத்தில் மாடிப்படி ஏறுவதற்கே இரண்டு தரம் யோசிப்பவர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "காற்சட்டையோ?" என்று மட்டும் கேட்டார்.

குக்கர் போனால் போகட்டும், வீட்டுக்குப் போய்விடுவோம் என்று அம்மாவின் காதில் கெஞ்சினேன்.

"போனால் ஓடினதெண்டு ஆகும். நீ இஞ்சயே நில். என்ன நடந்தாலும் உன்ர அட்டையை வெளியில எடுக்காத." குடையை என் கையில் தந்துவிட்டுக் கயிற்றடிக்குப் போனார்.

அங்கே நின்ற பொலிஸ் சார்ஜனிடம், அந்தப் பொதி தம்முடையது என்றும், அது சமையலுக்குரிய பாத்திரம் என்றும், ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும் கடிதச் சிங்களத்தில் அம்மா தெரிவித்தார். சார்ஜன் அடையாள அட்டையை வாங்கி வாசித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையை வாசித்தார். பிறகு, நீயே உள்ளே போய் எடுத்துவந்து எல்லோருக்கும் முன்னால் திற என்றார்.

அம்மா தனியாக உள்ளே போனார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். உள்ளே இருப்பது எங்கள் பருப்பு வேகிற குக்கர் என்று எனக்குத் தெரியும். இருந்தும், அத்தனை பேர் பயந்து பின்வாங்கும்போது எனக்கும் சந்தேகம் பிடித்தது. திருத்தின கடையில் பை மாறியிருந்தால்? அம்மா, அம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அவ்வளவு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

அம்மா வந்தார். ஒரு கையில் குக்கர், மறு கையில் மூடி. நடுத்தெருவில் நின்று குக்கரைக் கவிழ்த்துக் காட்டினார். மூடியிலிருந்த ரப்பர் வளையம் கழன்று விழுந்து உருண்டு போய்ச் சார்ஜனின் சப்பாத்தில் முட்டி நின்றது. கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே வைத்தாயா, மறந்து வைத்தாயா என்று கேட்டார். அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிலுக்குத் தடுமாறினார். உண்மையைச் சொன்னால் வேண்டுமென்றே வைத்ததாகும். சார்ஜன், பொலிஸுக்கு வா, வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்றார். போனவர் எப்போது வருவார் என்று யாரும் உறுதி சொல்லாத காலம் அது. நான் அம்மா சொன்னதை மீறிக் கயிற்றடிக்கு ஓடினேன்.

அப்போதுதான் முகாமையாளர் நடுவில் புகுந்தார். இவர்கள் என் வாடிக்கையாளர்கள், லப்டொப் வாங்கிவிட்டார்கள், பில் எழுதும் வரை பாத்திரத்தை இங்கே வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வரும்படி நான்தான் சொன்னேன், எங்கள் கடைப் பையன்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். முழுப் பொய். ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னார். சார்ஜன் பில் எங்கே என்று கேட்டார். எழுதத் தொடங்கும்போதுதானே நீங்கள் வந்து எங்களை வெளியே துரத்தினீர்கள் என்றார் முகாமையாளர். சார்ஜன் அட்டையைக் கொஞ்ச நேரம் கையில் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார். இனிமேல் சாமான் வாங்க வரும்போது சமையலறையைக் கட்டிக்கொண்டு வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே போனோம். முகாமையாளர் பில் புத்தகத்தைத் திறந்தார். அம்மா, "நீங்கள் சொன்ன விலையையே போடுங்கோ, மாத்தயா" என்றார். அவர் மாட்டேன் என்றார். அம்மா கேட்ட விலையைத்தான் போடுவாராம். அம்மாவுக்கு ரோஷம் வந்தது. கழிவு வேண்டாம் என்றார். கழிவு உண்டு என்றார் அவர். அம்மா விலையை ஏற்ற, அவர் இறக்க, கொஞ்சம் முன்னால் நடந்த பேரம் தலைகீழாக நடந்தது. தோற்றது அம்மா. அவர் தன் கமிஷனை விட்டுத்தான் அந்த விலைக்குத் தந்திருக்க வேண்டும். பெட்டியை என் கையில் தரும்போது சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இனி எந்தக் கடையிலும் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லாக் கடையிலும் நான் இருக்க மாட்டேன்."

எங்கள் வீட்டுப் பக்கமாகப் போகும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் இடம் கிடைத்தது. என் மடியில் லப்டொப், அம்மா மடியில் குக்கர். பஸ் குலுங்கியதில் குக்கர் மூடி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. முன் ஆசனத்தில் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நாள் கடை கடையாக அலைந்து கழிவு கேட்டுவிட்டு, அவர் தரும்போது ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"முதலிலேயே அவன் சொன்ன விலையைக் குடுத்திருப்பன். அதுக்கு மேல கேட்டிருந்தாலும் தாலிக்கொடியை வித்தாவது குடுத்திருப்பன். உன்னைக் கொழும்புக்கு விடேலுமே, பிள்ளை?" என்றார் அம்மா. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவனுக்கு அது தெரியக் கூடாதெண்டுதான் அவ்வளவு கத்தினனான்" என்றார்.